ஈறு நிறத்தில் ஒரு துண்டு

அத்தியாயம் 17

போன வாரம் பக்கத்தை மூடிவிட்டு நீங்கள் உங்கள் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டீர்கள். பல்லக்காவுக்கு அப்படிப் போக வழியில்லை. அதே வீட்டில், அதே மனுஷர் முகத்தை மூன்று வேளையும் பார்த்துக்கொண்டு, அந்தப் பொய்யோடு ஆறு வாரம் குடித்தனம் நடத்திவிட்டாள். ஆமாம், அங்கே ஆறு வாரம் ஓடிவிட்டது. நமக்காகக் காத்துக்கொண்டா நிற்பார்கள்?

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பல்லக்கா என்று தெருவே கூப்பிடுகிற இந்த அம்மாள் பல் செட் செய்கிறவள். வைத்தியர் அச்சு எடுத்து அனுப்புவார். வாய்க்குப் பொருந்துகிற பல்லும் ஈறும் இவள் கையில் உருவாகும். எது நிஜப் பல், எது இவள் செய்தது என்று மாட்டிக்கொண்டவர்களே கண்ணாடி முன்னால் நின்று திணறுவார்கள். கணவர் பத்தொன்பது வருஷம் பேருந்து ஓட்டியவர். ஒரு மழை நாளில் பிரேக் பிடிக்காமல் பேருந்து சுவரில் போய்ச் சாய்ந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது, இவருக்கு வலது கட்டைவிரல் குறுக்கே கிழிந்து ஏழு தையல். இவர்மேல் தப்பில்லை என்று விசாரணையில் எழுதியே கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் மனுஷர், “இனி ஸ்டியரிங்கைத் தொட மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, பதிமூன்று மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

அவரை எழுப்பியது ஒரு ஜீப். நாலு சக்கரமும் இழுக்கிற ஜாதி, அவரைவிட எட்டு வயது மூத்தது. பழைய இரும்புக் கடையின் பின்பக்கம், சீட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த அந்த வண்டியை மகள் பார்த்துவிட்டு வந்து அடம்பிடித்து வாங்க வைத்தாள். தபால் பிரிக்கிற அலுவலகத்தில் வேலை பார்க்கும் இருபத்தொரு வயசுப் பெண், வீட்டில் இன்னும் அவளுக்கு ‘வாலு’ என்றுதான் பெயர்.

வண்டி வந்த மறுநாளே மனுஷர் சுவரை விட்டுத் திரும்பினார். மூன்று பேருமாகத் துரு சுரண்டினார்கள். கொட்டகைச் சுவரில் சாக்கட்டியால் சேஸியின் படத்தை வரைந்து பங்கு பிரித்தார் டிரைவர். வண்டியின் முதுகெலும்பு மாதிரி நீளவாக்கில் இரண்டு இரும்புச் சட்டம் இருக்குமே, அதில் வலது பல்லக்காவுக்கு, இடது அவருக்கு, குறுக்குச் சட்டங்கள் வாலுவுக்கு. ஒருத்தர் பங்கில் இன்னொருத்தர் கை வைக்கக் கூடாது என்பது சட்டம்.

அந்த வலது சட்டத்தில்தான் பல்லக்காவின் சுரண்டி ஒருநாள் உள்ளே போய்விட்டது. வெளியே பார்க்கக் கட்டைவிரல் அகலம், உள்ளே விரலை விட்டால் உள்ளங்கை அகலம். இரும்பு இருக்கவேண்டிய இடத்தில் வெறும் துருத் தூள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். வண்டி பழைய இரும்புக் கடைக்குத் திரும்பிப் போகும், அவர் சுவருக்குத் திரும்பிப் போவார். ‘ஓட்டப் போறதே இல்லையே, சும்மா நிறுத்தி வெச்சுப் பாக்கத்தானே போறார். நிக்கிற வண்டிக்கு எலும்பு எதுக்கு?’ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, ஈறு செய்கிற இளஞ்சிவப்பு அக்ரிலிக்கைக் குழைத்து அந்த ஓட்டையை அடைத்தாள். மேலே பட்டி, அதன்மேல் உப்புத்தாள், அதன்மேல் கறுப்புப் பெயின்ட். நகத்தால் தடவினாலும் தெரியாது. அவ்வளவு நேர்த்தி, பாவி மகளுக்கு.

இன்றைக்குக் கதை மதியம் பன்னிரண்டரைக்கு ஆரம்பிக்கிறது.

பல்லக்கா லேபிலிருந்து சாப்பிட வந்தாள். வாசலிலேயே ஏதோ சரியில்லை என்று பட்டது. கொட்டகைக் கதவு இரண்டும் விரியத் திறந்து கிடந்தன. உள்ளே ஜீப் இல்லை.

‘யாரோ திருடிட்டுப் போயிட்டாங்க’ என்றுதான் முதலில் தோன்றியது. அப்படியே இருந்திருக்கக் கூடாதா என்று அடுத்த ஒரு மணி நேரத்தில் நூறு தடவை நினைக்கப் போகிறாள், அது அவளுக்கு அப்போது தெரியாது.

சுவரில், சேஸி படத்துக்குக் கீழே, வாலுவின் கோணல் கையெழுத்து: ‘அம்மா!!! அப்பா ஓட்டறார்!!! அப்பாவே!!! மேலே தண்ணி டேங்க் வரைக்கும் போயிட்டு வர்றோம். அழாதே.’

பல்லக்கா அதை இரண்டு தரம் படித்தாள். ஒன்றரை வருஷமாக எந்தச் செய்திக்காக ஏங்கினாளோ அந்தச் செய்தி. அவர் ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டார். ஒரு நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே ஒரு நிமிஷம் அவள் சந்தோஷப்பட்டாள்.

பிறகு தரையைப் பார்த்தாள்.

ஜீப் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறை. அதற்குப் பக்கத்தில், வலது பின்சக்கரம் இருக்கும் இடத்துக்கு நேரே, நகம் அளவுக்கு ஏதோ கிடந்தது. குனிந்து எடுத்தாள். இளஞ்சிவப்பு. ஒரு பக்கம் கறுப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது.

வண்டி வெளியே போவதற்கு முன்னாலேயே, முன்சக்கரம் வாசற்படியில் இறங்குகிற ஒரு சின்னக் குலுக்கலிலேயே அவள் அடைத்தது வாய் திறந்துவிட்டது. டேங்குக்குப் போகிற வழி ஏழு வளைவு. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கல் உடைத்து உடைத்துக் கிணறு மாதிரி ஆகிவிட்ட பள்ளம். நடுவில் தடுப்புச் சுவர்கூடக் கிடையாது.

மகளுக்குப் போன் போட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. கணவருக்குப் போட்டாள். வீட்டுக்குள்ளே, சார்ஜரில் மாட்டிய இடத்திலிருந்து மணி அடித்தது.

“ஐயோ, என்னங்க” என்று அந்த வெறும் போனைப் பார்த்துச் சொன்னாள். அழுகை வரவில்லை. அழுவதற்குக்கூட நேரம் வேண்டுமே.

யாரிடம் ஓடுவது? ஒரே ஒருத்தன்தான். ஆனால் அந்த ஒருத்தனோடு வீட்டுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

டிரைவரின் தம்பி வெல்டர். இரண்டு தெரு தள்ளிப் பட்டறை. வண்டி வந்த புதிதில் வந்து பார்த்துவிட்டு, சுத்தியலால் சேஸியை நாலு தட்டுத் தட்டி, “இது அழுகிப்போச்சுண்ணா. தூக்கிப் போட்டுடு. இல்லைன்னா என்கிட்ட விடு, வெட்டி எடுத்துட்டுப் புதுசா வெச்சுத் தர்றேன்” என்றான். “நான் செத்துக்கிட்டிருந்தப்போ எட்டிப் பாக்காதவன், என் வண்டிய அழுகிப்போச்சுங்கறியா?” என்று அண்ணன் பாய்ந்தார். தம்பி சுத்தியலைப் போட்டுவிட்டு நடந்தான். அது ஆச்சு நாலு மாதம். அந்தச் சுத்தியல் இன்னும் கொட்டகை மூலையிலேயே கிடக்கிறது, யாரும் தொடவில்லை.

பல்லக்கா அந்தச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஏன் எடுத்தாள் என்று கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது.

பட்டறையில் பொறி பறந்துகொண்டிருந்தது. கொழுந்தன் ஒரு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். அண்ணி செருப்பில்லாமல், கையில் சுத்தியலோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கினான்.

“அண்ணி! அடிக்கவா வந்தீங்க?”

“உங்க அண்ணன் வண்டிய எடுத்துக்கிட்டு டேங்குக்குப் போயிட்டாருப்பா.”

“ஓட்டறாரா? அண்ணனா?” அவன் முகம் மலர்ந்தது. “அட, நல்ல சேதிதானே! அதுக்கு ஏன் பேய் அறைஞ்ச மாதிரி வர்றீங்க?”

“சேஸில ஓட்டை.”

“தெரிஞ்ச கதைதானே. அடைச்சிருப்பாரு. யாருகிட்ட வெல்டிங் குடுத்தாரு?”

“யாருகிட்டயும் இல்ல. நான்தான் அடைச்சேன்.”

“நீங்களா? எதை வெச்சு?”

பல்லக்கா உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இளஞ்சிவப்புத் துண்டு வியர்வையில் நனைந்திருந்தது. கொழுந்தன் அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். வேறொரு நாளாக இருந்தால் பட்டறையே அதிரச் சிரித்திருப்பான். இன்றைக்குச் சிரிக்கவில்லை.

“எந்த இடம்?”

“வலது பக்கம். பின்னாடி, பட்டை ஸ்பிரிங் மாட்டற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால.”

“எவ்வளவு பெரிசு?”

கட்டைவிரலைக் காட்டினாள். அப்புறம், இனி மறைத்து என்ன ஆகப் போகிறது என்று, உள்ளங்கையையும் காட்டினாள். “உள்ள இவ்வளவு இருந்துச்சு.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது. வாலுவும் அதுலதான் போயிருக்கா.”

அவன் கையுறையைக் கழற்றி எறிந்தான். பைக்கை உதைத்தான். “ஏறுங்க” என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ரொட்டிக் கடை, பள்ளிக்கூட மதில், பெட்ரோல் பங்க் எல்லாம் பின்னால் ஓடின. ஊர் முடிகிற இடத்தில் ஒரு லாரிக்காரர் டயருக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். கொழுந்தன் பைக்கை நிறுத்தாமலே கத்தினான்.

“இந்தப் பக்கம் ஒரு பழைய ஜீப் போச்சா?”

“பச்சைக் கலரா? கதவு இல்லாம? போச்சு, போச்சு, அரை மணி நேரம் ஆச்சு. ஓட்டுனவரு சின்னப் புள்ள மாதிரி சிரிச்சுக்கிட்டே போனாருப்பா!”

பல்லக்காவுக்குக் கத்தியால் குத்தின மாதிரி இருந்தது. அவர் சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தானே அத்தனையும் செய்தாள். பார்த்தவர் யாரோ ஒரு லாரிக்காரர்.

“சிரிச்சாராம்” என்றாள் கொழுந்தனின் முதுகில்.

“கேட்டுச்சு அண்ணி. கெட்டியாப் பிடிச்சுக்குங்க.”

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவள் பள்ளத்தைப் பார்க்க மாட்டேன் என்று கண்ணை மூடினாள், மூட முடியாமல் திறந்தாள். கீழே பச்சையாக ஏதாவது தெரிந்தால் அங்கேயே உற்றுப் பார்த்தாள். புதர். பாசி பிடித்த தண்ணீர். மறுபடியும் புதர். ‘எத்தனை பேருக்கு வாய் நிறையப் பல் கட்டியிருக்கேன், இந்த வாயால ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே’ என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

“முறிஞ்சா என்னப்பா ஆகும்?” என்று கேட்டாள்.

“இப்போ எதுக்கு அது?”

“சொல்லு. தெரிஞ்சுக்கறேன்.”

“நடுவுல மடங்கும். ஸ்பிரிங் கழண்டுச்சுன்னா பின்சக்கரம் ஒரு பக்கமா இழுக்கும். ஸ்டியரிங் பேச்சைக் கேக்காது.” கொஞ்சம் நிறுத்தினான். “ஆனா இடது பக்கம் கெட்டியா இருந்தா ஒரு பக்கமாவது தாங்கும். அதைத்தான் நான் நம்பிக்கிட்டிருக்கேன்.”

“இடது பக்கம் அவரோட பங்கு. அவரு கை பட்ட இடம் கெட்டியாத்தான் இருக்கும்” என்றாள் பல்லக்கா. அந்த ஒரு நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் மூன்றாவது, நாலாவது வளைவைக் கடந்தாள்.

ஐந்தாவது வளைவில் சாலை ஓரம் உடைந்திருந்தது. புதிதாக உடைந்த மாதிரி. அங்கே ஒரு புதர் வேரோடு சாய்ந்து பள்ளத்துப் பக்கம் தொங்கியது. கொழுந்தன் தானாகவே பிரேக் போட்டுவிட்டான். அவன் இறங்கி ஓரத்துக்குப் போய் எட்டிப் பார்த்தான். பல்லக்கா பைக்கிலேயே உட்கார்ந்திருந்தாள். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த முதுகு திரும்புகிற வரைக்கும் தனக்கு ஒரு மகள் இருக்கிறாள், திரும்பின பிறகு எப்படியோ, என்று நினைத்தாள்.

அவன் திரும்பினான். “மண் சரிஞ்சிருக்கு அண்ணி. அவ்வளவுதான். கீழ ஒண்ணும் இல்ல.”

“ஏறு, போலாம்” என்றாள் பல்லக்கா.

ஏழாவது வளைவு தாண்டியதும் டேங்க் தெரிந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே, சரிவில், மூக்கைக் கீழ்ப்பக்கம் வைத்துக்கொண்டு ஜீப் நின்றது. முழுசாக. டிரைவர் சீட்டில் வாலு. வெளியே, ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வருகிற கணவர். உயிரோடு. இரண்டு பேரும் உயிரோடு!

“என்னங்க!” என்று கத்தினாள். அந்தக் கூப்பாட்டில் ஒன்றரை வருஷமும் இருந்தது.

அவர் நிமிர்ந்தார். பெண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்கப் போனவர், பின்னால் தம்பியைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார்.

“இவன் எதுக்கு?”

“அதை அப்புறம் பேசிக்கலாம்ணா. வண்டிக்கு என்ன?” என்றான் தம்பி.

நாலு மாத ரோஷம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். அவருக்கு வண்டிதான் ஜெயித்தது. “இறங்கறப்போ ஒரு பள்ளத்துல விட்டேன். பின்னாடி டொக்குன்னு ஒரு சத்தம். நிறுத்திட்டேன். நாலு சக்கரத்துக்கும் இழுவை மாத்தற லீவர் நடுவுல மாட்டிக்கிச்சு, கியர் போட்டாலும் சக்கரத்தைப் பிடிக்கல. கைப் பிரேக்குக்கு இன்னும் ஒயர் போடல. அதான் வாலுவைக் கால் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு உக்காரச் சொல்லிட்டு, கல்லு தேடறேன்.”

“எவ்வளவு நேரமா மிதிச்சுக்கிட்டிருக்கா?”

“பத்து நிமிஷம் இருக்கும்.”

“அம்மா” என்றாள் வாலு, தலையைத் திருப்பாமல். “அப்பா சூப்பரா ஓட்டினாரும்மா.” பிரேக்கை மிதித்த கால் நடுங்குவது தெரிந்தது.

பல்லக்கா சீட்டுப் பக்கம் ஓடினாள். “இறங்குடி, இறங்கு.”

“வேண்டாம்!” என்று கொழுந்தன் அதட்டினான். “அவ காலை எடுத்தா வண்டி உருளும். கல்லைக் குடுங்க மொதல்ல.”

அண்ணனும் தம்பியும் சேர்ந்து கல் பொறுக்கினார்கள். நாலு மாதத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை. முன்சக்கரம் இரண்டுக்கும் முட்டுக் கொடுத்தார்கள். மலையில் கிடைத்ததெல்லாம் பொடிக் கல், பெரிதாக ஒன்றும் இல்லை. கொழுந்தன் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டி இறுக்கினான். அவன் விட்டுப் போன சுத்தியல் என்று அண்ணன் கண்டுகொண்டார், அடுத்த கல்லை எடுத்து நீட்டினார்.

“வாலு, இன்னும் காலை எடுக்காதே. அசையவும் வேண்டாம். அடியில எப்படி இருக்குன்னு பாத்துட்டு இறக்கறேன்.”

“அடியிலயா? நீ எதுக்கு அடியில போறே?” என்றார் டிரைவர்.

“தலையும் தோளும் மட்டும்ணா. முறிஞ்சிருந்தா, இவ எந்திரிச்சு எடை மாறும்போது வண்டி திரும்பிக்கும். பாக்காம அசைக்க முடியாது.”

அவன் மல்லாந்து படுத்து, வலது பக்கமாக உள்ளே நகர்ந்தான். பல்லக்கா அவன் பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போது வண்டியின் மேலே ஒன்று, அடியில் ஒன்று. தன் பொய்க்கு இரண்டு உயிர் பணயமாக இருக்கிறது.

உள்ளே சுரண்டுகிற சத்தம். பிறகு அவன் குரல்.

“அண்ணி. சுத்திலும் விரிசல் விட்டுடுச்சு. பாதி உதிர்ந்துபோச்சு. சட்டமும் அரை விரலுக்கு வாய் பிளந்திருக்கு.”

டிரைவர் குனிந்து பார்த்தார். “அது என்ன ரோஸ் கலர்ல?”

அடியில் கொழுந்தன் சுரண்டுவதை நிறுத்தினான்.

“என்னது அது? சேஸிக்குள்ள ஏது ரோஸ் கலரு?” என்று நிமிர்ந்தவர், பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். இருபத்துமூன்று வருஷமாகப் பார்த்த முகம். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

“நான்தாங்க” என்றாள். “ஆறு வாரமாச்சு. சுரண்டி உள்ள போயிடுச்சு. சொன்னா நீங்க மறுபடி சுவத்தைப் பாத்து உக்காந்துடுவீங்கன்னு பயம். நீங்கதான் ஓட்டவே மாட்டேன்னீங்களே! ஓட்டாத வண்டிதானேன்னு… என்னை அடிச்சுடுங்க. தாங்கிக்கறேன். புள்ளைய ஏத்திட்டுப் போற வண்டில இப்படிப் பண்ணிட்டேனே!”

அவர் அடிக்கவும் இல்லை, கத்தவும் இல்லை. கையிலிருந்த கல் நழுவிக் கீழே விழுந்தது.

“வலது பக்கமா?” என்றார்.

“ஆமாங்க.”

“வலது பக்கம் உன் பங்காச்சே. அது கெட்டியா இருக்கும்னு நெனச்சேனே.” யாரிடமோ சொல்வது மாதிரி மறுபடியும் சொன்னார். “உன் கை வேலை, கெட்டியாத்தானே இருக்கும்னு நெனச்சேன்.”

பல்லக்காவுக்கு அது குத்திக் காட்டுவதாகத்தான் பட்டது. குத்தட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

அப்போது அடியிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. கொழுந்தன் இடது பக்கம் தட்டிப் பார்க்கிறான். டங். டங். நல்ல இரும்பின் சத்தம். டங்.

தொப்.

பூசணியைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். மறுபடியும் அதே இடத்தில் தட்டினான். தொப்.

“அண்ணி” என்றான் மெதுவாக. “இடது பக்கத்தையும் அடைச்சீங்களா?”

“இல்லப்பா! இடதை நான் தொடவே இல்ல.”

“அதான் பாத்தேன். இது உங்க கை வேலை இல்ல. வெறும் பட்டி. உப்புத்தாள்கூடப் போடாம அப்பி, மேல பெயின்ட் அடிச்சிருக்கு. கட்டைவிரலை வெச்சு அமுக்கின தடம் அப்படியே இருக்கு.”

பல்லக்கா மண்டியிட்டுக் குனிந்தாள். கொழுந்தன் பிடித்த செல்போன் வெளிச்சத்தில், கறுப்புப் பெயின்ட்டுக்கு அடியில், ஒரு கட்டைவிரல் அச்சு. வாழ்க்கை முழுக்க அச்சைப் பார்த்துப் பார்த்தே பிழைத்தவளுக்கு அதிகம் பார்க்க வேண்டியிருக்கவில்லை. விரலின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு ஓடியது. ஏழு தையல் போட்ட கோடு. தினமும் அவள் மருந்து தடவிவிட்ட கோடு.

அவள் எழுந்து கணவரைப் பார்த்தாள்.

“நீ பாடிக்கிட்டிருந்தே” என்றார் அவர். கண் கலங்கிவிட்டது. “கம்பி பிரஷ்ஷை வெச்சுக்கிட்டு, சட்டத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்துக்கிட்டு, பாடிக்கிட்டே தேய்ச்சே. ஒன்றரை வருஷமா வீட்டுல பாட்டுச் சத்தம் இல்ல. என்னாலதான் நின்னுபோச்சு. ஓட்டைன்னு சொன்னா வண்டி போகும், பாட்டும் போயிடும்னு பயந்துட்டேன். அழுகிப்போச்சுன்னு இவன் சொன்னதும் நிசமாயிடும். ஒரு பக்கம் போனா என்ன, வலது பக்கம் அவ பாத்தது, தாங்கும்னு நெனச்சுத்தான் இன்னிக்கு தைரியமா எடுத்தேன்.”

“நானும் அதையேதாங்க நெனச்சேன். வழி நெடுக இவன்கிட்ட அதைத்தான் சொல்லிட்டு வந்தேன். இடது பக்கம் அவரோடது, தாங்கும்னு.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோபப்படக்கூட யாருக்கும் அருகதை இல்லை. ஒருத்தருக்காக ஒருத்தர் பயந்து பயந்து, பெற்ற பெண்ணை ஒன்றுமில்லாத ஒரு வண்டியில் ஏற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். பல்லக்காவுக்கு அவரைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது, நாலு அறை விடவேண்டும் போலவும் இருந்தது.

எங்கோ அடியில் இரும்பு மெல்ல முனகியது. முன்சக்கரத்துக் கல் ஒன்று நொறுங்கி, அரை அங்குலம் வண்டி முன்னால் உட்கார்ந்தது.

“வாலு! மிதி!” என்று டிரைவர் அலறினார்.

“மிதிச்சுக்கிட்டுதாம்பா இருக்கேன்!”

“யாரும் அசையாதீங்க” என்றது அடியிலிருந்து கொழுந்தனின் குரல். “ரெண்டு சட்டமும் போச்சு. இப்போ என்ஜினையும் முன்சக்கரத்தையும் சேத்துப் பிடிச்சுக்கிட்டிருக்கறது முன்னாடி குறுக்குச் சட்டம் ஒண்ணுதான். அது இருக்கற வரைக்கும் பயமில்ல. அது யாரு சுரண்டுனது?”

பல்லக்காவுக்குக் கொட்டகைச் சுவர் ஞாபகம் வந்தது. சாக்கட்டிப் படம். வலது, இடது, குறுக்கே.

“வாலுதான்” என்றார் டிரைவர். நல்ல வேளை என்கிற நிம்மதி அவர் குரலில் இருந்தது. “அவ பொறுமையா, பல்லு விளக்கற மாதிரி சுரண்டினா. அது ஒண்ணாவது…”

அவர் முடிக்கவில்லை. பல்லக்கா மகளைப் பார்த்தாள். வாலு திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராகச் சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. கன்னத்தில் தண்ணீர் வழிந்து தாடையில் நின்றது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

“சித்தப்பா” என்றாள். “மொதல்ல நீங்க வெளிய வந்துடுங்க.”